அலமாரியில் இருந்த சுவிட்ச்

இது எந்தத் தளம், எந்த நிறுவனம், எந்த வருஷம் என்று எழுதப்போவதில்லை. தப்பு என்னுடையது. மற்றவர்களை அதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

கடலில் மாட்டிக்கொண்டவர்களை மேலிருந்து கம்பி இறக்கித் தூக்கி வரும் கடலோரக் காவல் ஹெலிகாப்டர் ஒன்று எங்கள் கரையில் இருந்தது. அதற்கான உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம். அந்த நிறுவனத்தின் ஆளாகப் பதினோரு வருஷம் கிடங்குப் பொறுப்பு என் கையில் இருந்தது. ஹெலிகாப்டரில் ஒரு தடவைகூட நான் ஏறியதில்லை. அதன் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

சொந்தக்காரர்களுக்கு இந்த வேலையைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர். எல்லாரும் மிளகாயும் நெல்லும் போடுகிறவர்கள். அங்கே மாமா ஒருவர் உண்டு. விசேஷ வீட்டில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

“ஹெலிகாப்டரை ஓட்டுவியாலே?”

“இல்ல மாமா.”

“ஓட்டுறவுகளுக்குச் சோறு கொண்டுபோவியா?”

“இல்ல மாமா. நட்டு போல்ட்டு எடுத்துக் குடுப்பேன்.”

“இதுக்காலே ஒங்கய்யா வயலை வித்துப் படிக்க வச்சாரு” என்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். அந்த நட்டு போல்ட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண், தனித்தனிச் சான்றிதழ் உண்டு என்று இவருக்கு எப்படிச் சொல்வது?

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது கிடங்கில் ஏசி ஓடும். அது எங்களுக்காகப் போட்டதில்லை, ரப்பர் வளையங்களுக்காகப் போட்டது. மோதிரம் அளவுள்ள ரப்பர் வளையத்துக்குக்கூடச் செய்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும். தேதி தாண்டினால் தூக்கிப் போட வேண்டும். சான்றிதழ் தொலைந்துபோன பாகம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் குப்பைதான். பறப்பதற்குத் தகுதியான பாகத்தில் மஞ்சள் சீட்டு தொங்கும், ஆகாததில் சிவப்புச் சீட்டு. இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். என் கிடங்கிலிருந்து தப்பான பாகம் ஒன்றுகூட வெளியே போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கிடங்குக்காரன் வாயில் முதலில் வரும் சொல் “இல்லை”. எந்தக் கிடங்கில் போய்க் கேட்டாலும் இதுதான் நடக்கும். கேட்டு வருகிறவன் எவனும் எனக்கு அவசரமில்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் உடனே வேண்டும். எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தால் மறுவாரம் தட்டு காலியாகிவிடும். ஒரு பாகம் தீர்ந்தால் அடுத்தது வர மாதக்கணக்காகும். சில பாகங்கள் கடல் தாண்டி வர வேண்டும். அதனால் முதலில் “இல்லை” என்பேன். பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். நிஜமாகவே தேவைப்படுகிறவன் போகமாட்டான், நின்று சண்டை போடுவான். “அண்ணே, விளையாடாதீக, நாளைக்குப் பறக்கணும்” என்பான். அவனுக்கு எழுந்து போய் எடுத்துவந்து கொடுப்பேன். மெக்கானிக்குகள் எல்லாருக்கும் இது தெரியும். “அண்ணன் இல்லைன்னு சொன்னா அரை டஜன் இருக்குன்னு அர்த்தம்” என்று என் காதுபடவே பேசுவார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரும்பு அலமாரி வந்தது அதற்குப் பிறகு.

கிடங்கில் என்ன இருக்கிறது என்பது கம்ப்யூட்டரில் இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது மற்றக் கரைகளில் உள்ள கிடங்குகளுக்கும் தெரியும். அது நல்ல ஏற்பாடுதான். ஒருமுறை வேறொரு கரையிலிருந்து கேட்டார்கள் என்று எங்களிடம் இருந்த கடைசி எரிபொருள் வடிகட்டியை அனுப்பினேன். அடுத்த வாரமே எங்கள் ஹெலிகாப்டருக்கு அது தேவைப்பட்டது. ஒன்பது நாள் அது தரையில் நின்றது. அந்த ஒன்பது நாளும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நல்லவேளை, அந்த நாட்களில் கடலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம்தான் நான் ஒதுக்கிவைக்க ஆரம்பித்தேன். மெக்கானிக் ஒரு பாகத்தை வாங்கிப்போவான். பழையதே இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று தெரிந்தால் புதியதைத் திருப்பிக் கொண்டுவருவான். அதை மறுபடி கம்ப்யூட்டரில் வரவு வைக்க வேண்டும். நான் வைக்கமாட்டேன். சான்றிதழோடும் மஞ்சள் சீட்டோடும் டப்பாவில் போட்டு, என் மேஜைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். சாவி என் அரைஞாணில் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. விருந்தாள் வந்தால் ஆகுமென்று எங்கள் வீடுகளில் பெண்கள் நல்ல அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைப்பார்களே, அந்த மாதிரிதான் நினைத்தேன். எனக்கென்று ஒன்றையும் எடுக்கவில்லை. எங்கள் கடலுக்கு, எங்கள் ஆட்களுக்கு என்று வைத்தேன். ஒரு நாள் பெரிய ஆபத்து வரும், எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், நான் அலமாரியைத் திறப்பேன் என்று கற்பனைகூடச் செய்திருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அப்படி உள்ளே போனவற்றில் ஒன்று லிமிட் சுவிட்ச். கட்டைவிரல் அளவு இருக்கும். ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் வின்ச் என்று ஒரு இயந்திரம் உண்டு. கம்பியை இறக்குவதும் ஆளோடு சேர்த்து மேலே இழுப்பதும் அதுதான். கொக்கி மேலே வந்து சேர்ந்ததும் மோட்டாரை நிறுத்துவது இந்தச் சுவிட்ச். இது வேலை செய்யாவிட்டால் மோட்டார் நிற்காமல் இழுத்துக் கம்பி அறுந்துபோகலாம். அதனால் சுவிட்ச் செத்தால் வின்ச்சைத் தொடக்கூடாது என்பது விதி. வின்ச் இல்லாமல் போனால் தண்ணீரில் கிடப்பவனை மேலே நின்று பார்த்துவிட்டு வரலாம். வேறு ஒன்றும் செய்ய முடியாது.

அது நடந்த அன்று நான் விடுப்பில் இருந்தேன். நயினார்கோவிலில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் பக்கம் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஐப்பசி மாதம், விடிந்ததிலிருந்து தூறல், வாடைக்காற்று மரங்களைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்திருந்தேன். ஆசாரி காதில் புள்ளி வைத்து ஊசியை எடுத்துவிட்டார். அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. எட்டே முக்கால் இருக்கும். தங்கைதான் போனை எடுத்து என் காதில் வைத்தாள்.

கிடங்கிலிருந்து என் உதவியாளர் பேசினாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண். கடற்கரை ஊர் முஸ்லிம் குடும்பம், கணவர் துபாயில். நான் எது சொன்னாலும் அப்படியே நம்புகிறவள். என்னிடம் சண்டை போட வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

“அண்ணே, வின்ச்சுக்கு லிமிட் சுவிட்ச் கேக்குறாக. சிஸ்டத்துல இல்லைன்னு காட்டுது. நம்மகிட்ட வேற எங்கனயும் இருக்காண்ணே?”

“இல்லம்மா. இல்ல. காது குத்திக்கிட்டு இருக்கோம், அப்பறமாப் பேசுறேன்.”

“சரிண்ணே” என்று வைத்துவிட்டாள்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆசாரி குத்தினார், பிள்ளை வீரிட்டு அழுதது, எல்லாரும் சிரித்தார்கள், நான் அதன் வாயில் சர்க்கரை போட்டேன். அந்தப் பேச்சு பதினான்கு விநாடி என்று என் போனில் பிறகு பார்த்தேன். அதை ரொம்ப நாள் அழிக்காமல் வைத்திருந்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் பந்தி. பொங்கலும் வடையும் போட்டார்கள். எதிர்வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறுகையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏலே, ஒன் ஹெலிகாப்டரு எங்கன போச்சு? திருப்பாலைக்குடிக்காரங்க நாலு பேரு கவுந்த வள்ளத்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கெடக்காகளாம். போன்ல எடம் சொல்லிக் கேட்டுருக்காக. இன்னும் ஒண்ணும் வரலையாம். என்ன, நட்டு போல்ட்டு தீந்துருச்சா?”

வழக்கம்போல் எல்லாரும் சிரித்தார்கள். வாயில் இருந்த பொங்கலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வின்ச். லிமிட் சுவிட்ச். எட்டே முக்கால். மணி பார்த்தேன், ஒன்பது இருபத்தைந்து. இலையை மூடாமல் எழுந்தேன். “என்னலே, கோவிச்சுக்கிட்டியா?” என்று மாமா பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது.

கிடங்கு போனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தளத்துக்குள் சொந்தப் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லார் போனும் வாசலில் பெட்டிக்குள் கிடக்கும். மறுபடி அடித்தேன். மறுபடியும். கடைசியில் வாசல் காவலுக்கு அடித்தேன். காவலர் எடுத்தார்.

“எல்லாரும் ஹெலிகாப்டர்கிட்ட நிக்கிறாங்க சார். பழைய சுவிட்ச்சைக் கழட்டிச் சுத்தம் பண்ணிப் பாக்குறாங்க. நீங்க அப்பறம் கூப்பிடுங்க.”

“அய்யா, வச்சுராதீக. ஓடிப்போய்ச் சொல்லுங்க. கிடங்குல என் மேஜைக்குப் பின்னாடி இரும்பு அலமாரி. ரெண்டாவது தட்டு. நீல டப்பா. சாவி என்கிட்ட இருக்கு, பூட்டை உடைக்கச் சொல்லுங்க.”

“டப்பால என்ன சார்?”

“சுவிட்ச்.”

“இருக்கா?” என்று கேட்டார். “ரெண்டாவது தட்டு, நீல டப்பா” என்றேன் மறுபடி. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடும் பூட்ஸ் சத்தம் கேட்டது.

நான் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்தேன். போவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரியும். பூட்டை உடைக்க ஆள் இருக்கிறது, சுவிட்ச்சை மாட்ட மெக்கானிக் இருக்கிறான். ஆனாலும் அந்த மண்டபத்தில் நிற்க முடியவில்லை. வழியெல்லாம் மழை முகத்தில் அடித்தது. வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. நாலு பேரும் பிடித்துக்கொண்டிருப்பார்கள், இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், நீச்சல் தெரிந்தவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். படகு போயிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். அந்தக் காற்றில் கரைப்படகு எதுவும் அவ்வளவு தூரம் போகமுடியாது என்பது நன்றாகத் தெரியும். நாங்கள் இருக்கும் காரணமே அதுதான். ராமநாதபுரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் வாசலில் இறங்கியபோது வானத்தில் சத்தம் கேட்டது. ஹெலிகாப்டர் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாசலில் போனைப் போட்டுவிட்டு வேலி ஓரமாக ஓடினேன். அது இறங்கியது. ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நின்றது. முதலில் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அடுத்தவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு தானாகவே நடந்தார், கால் பின்னியது. மூன்றாமவரை இரண்டு பேர் தோளில் தாங்கினார்கள். நான் ஹெலிகாப்டர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசிறி நின்றது. பைலட் இறங்கிவிட்டார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் அப்போதும் ஹெலிகாப்டர் கதவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கம்பியில் இறங்கி ஆட்களைத் தூக்கிய வீரர், ஈர உடையோடு தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்து ஆள். நான் அருகில் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“நான் கீழ போறப்ப மூணு பேருதான்ணே இருந்தாங்க. நாலாவது ஆளு எங்கன்னேன். இப்பத்தான் கையை விட்டாருன்னாங்க. நம்ம சத்தம் கேக்குறதுக்குக் கொஞ்சம் முந்தி. இருபது நிமிஷம் சுத்திச் சுத்தித் தேடுனோம். எரிபொருள் இல்ல, வந்துட்டோம்.”

கொஞ்சம் முந்தி. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன். அதுவும் தப்பு. கிடங்குக்குப் போனபோது ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலமாரிக் கதவு நெளிந்து தொங்கியது. உள்ளே இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்து என் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். பதினெட்டு டப்பா. பத்தொன்பதாவது ஹெலிகாப்டரில் மாட்டியிருந்தது. என் உதவியாளர் சுவரோரம் நின்றாள். அழுது முடித்த முகம்.

“இதுல எத்தனை சிஸ்டத்துல இருக்கு?” என்று பொறியாளர் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார்.”

அவர் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சான்றிதழ் சரியாக இருந்தது, மஞ்சள் சீட்டு சரியாக இருந்தது. நான் வைத்த எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாது.

“மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? பன்னெண்டு நிமிஷம். எட்டே முக்காலுக்கு இது கையில இருந்திருந்தா ஒன்பதுக்கெல்லாம் நாங்க மேல இருந்திருப்போம்.” அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் அந்த நாலாவது ஆளின் உடல் உப்பூர்க் கரையில் ஒதுங்கியது.

ஏன் தாமதம் என்று விசாரணை வந்தது. என் உதவியாளர் எனக்கு முன்னால் தன் பங்கு வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தாள். எதற்குக் கேட்கிறார்கள் என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை, இன்னொரு தடவை அழுத்திக் கேட்கவில்லை, தவறு என்னுடையது என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை வாங்கிக் கிழித்தேன். “அண்ணே, நா சொல்லிருந்தா நீங்க குடுத்துருப்பீகள்ல? அல்லா மேல சத்தியமா எனக்குத் தூக்கம் வரலண்ணே” என்றாள். என் பங்கை நானே முழுசாக எழுதிக் கொடுத்தேன். அலமாரி எப்போது ஆரம்பித்தது, ஏன், பதினான்கு விநாடி, எல்லாம். நிறுவனம் என்னைக் கிடங்கிலிருந்து எடுத்து, வெளியூரில் ஒரு வண்டிப் பணிமனையில் போட்டது. வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பாதது இன்றைக்கும் எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் திருப்பாலைக்குடிக்குப் போனேன். போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். உதவியாளரின் அம்மா வீடு அங்கேதான், “நானும் வாரேண்ணே, வீடு எனக்குத் தெரியும்” என்று கூட வந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. முற்றத்தில் இறந்தவருடைய தம்பி நண்டு வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரெச்சர் இல்லாமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனவர் அவர். ஹெலிகாப்டர் தளத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று இவள் சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கள்லாம் இல்லைன்னா நா இங்கன உக்காந்திருக்க மாட்டேன் சார். அண்ணன்தான் கடைசி வரைக்கும் எங்களுக்குத் தைரியம் சொன்னாரு. வந்துருவாக, இந்தா வந்துருவாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்குக் கை மரத்துப்போச்சு.”

இறந்தவரின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்றேன். கையைத் தம்பியிடமிருந்து விடுவித்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச் என்றால் என்ன, அலமாரி என்றால் என்ன, போன் வந்தது, நான் இல்லை என்று சொன்னது. சொல்லி முடித்தபின் தம்பி என்னையே பார்த்தார். அவருக்கு என்னை அடிக்க வேண்டும்போல் இருந்திருக்கும். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் நின்றேன்.

“எதுக்கு ஒளிச்சு வச்சீக?” என்று அந்த அம்மா கேட்டார்.

“பெரிய ஆபத்துன்னு வந்தா வேணுமேன்னு வச்சேம்மா.”

அவர் எழுந்து உள்ளே போனார். பரணில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். பிளாஸ்டிக் உறைக்குள் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். உறை பிரிக்கப்படவே இல்லை, மேலே தூசி படிந்திருந்தது.

“வள்ளத்துக்குன்னு குடுத்தாக. தெனமும் போட்டா உப்புத்தண்ணி பட்டு வீணாப் போயிரும்னு மேல போட்டு வச்சாரு. நானும் எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். பெரிய காத்து அடிக்கட்டும், அன்னைக்கி எடுத்துப் போட்டுக்கிருவேன்னாரு.”

என் உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். ஜாக்கெட்டை உதறிக் கொழுந்தனிடம் நீட்டினார். “நாளைக்கிப் போறப்ப இதைப் போட்டுக்கிட்டுத்தான் வள்ளத்துல ஏறணும்.” அவர் வாங்கித் தலைவழியே மாட்டினார். பக்கத்துப் பட்டையை எங்கே கோர்ப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார். நான் போய் முட்டிபோட்டு உட்கார்ந்து பட்டையைக் கோர்த்துக் கொக்கியை மாட்டினேன். இரண்டு தடவை நழுவியது.

“நீங்களும் அவருமாச் சேந்துதான் அவரைக் கொன்னுருக்கீக” என்றார் அந்த அம்மா, என் தலைக்குமேல்.

நான் பட்டையை இழுத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது.